திருகோணமலைக்கு வருகிறீர்களா? கொழும்போடு கணக்கை நிறுத்தாதீர்கள்

டிக்கெட் போடும்போது எல்லாரும் கேட்பது, கொழும்புக்கு எத்தனை மணி நேரம் என்றுதான். லண்டனிலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர், 11 மணி நேரம். டொரொன்டோவிலிருந்து வருபவர்கள் இடையில் விமானம் மாறி 20 மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறார்கள். திருமலைக்காரருக்கு, அதாவது திருகோணமலைக்கு வருபவர்களுக்கு, அதற்குப் பிறகும் பயணம் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வான் வண்டியில் வர, சாப்பாட்டுக்கு நிற்கும் நேரத்தோடு ஆறு மணி நேரமாவது வையுங்கள். டிசம்பர் மழையில் இன்னும் கூடும்.

அதனால் டிக்கெட் விலையைப் பார்க்க முன்னம் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். கோடையில் லண்டனில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டால், 11 மணி நேரப் பறப்பும் நான்கரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து, இங்கே மறுநாள் பகல் 12.30 ஆகிவிடும். பெட்டிகளை எடுத்து வெளியே வரும்போது பிற்பகல் இரண்டு மணியாகிவிடும். ஹபரணையை நெருங்கும்போது பொழுதுபட்டுவிடும். அங்கிருந்து கந்தளாய் வரை காடு. யானைகள் ரோட்டுக்கு வருவதும் அந்த நேரத்தில்தான்.

எங்கள் பெரியம்மா குடும்பம் அப்படித்தான் வந்தது. “ஒரு இரவுதானே, போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று இருட்டில் வந்தார்கள். ரோட்டை மறித்து நின்ற யானை விலகும்வரை வானுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்களாம். நடுச்சாமத்தில் வீட்டு வாசலில் இறங்கிய பெரியம்மாவுக்கு நிற்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்கென்று வந்தவர், அதில் இரண்டு நாளைப் படுக்கையில் கழித்தார். எனக்கு இன்னும் அது மனதில் கிடக்கிறது. தயவுசெய்து வயதானவர்களோடு வருபவர்கள் நீர்கொழும்பிலோ தம்புள்ளையிலோ ஒரு இரவு தங்குங்கள். விடிய இறங்கும் விமானம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மத்தியானச் சோற்றுக்கு ஊரில் நிற்கலாம்.

திருமலையின் விமானத்தளம் இருக்கும் சீனன்குடாவுக்குச் சிறிய உள்ளூர் விமானங்களும் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் அவற்றில் பொதி எடை அளவு குறைவு. நீங்கள் கொண்டுவரும் பெரிய பெட்டிகளுக்கு எப்படியும் வான் வேண்டிவரும். இரவு ரயிலும் அப்படித்தான், கைப்பையோடு வருபவருக்குச் சுகம். அதற்கும் முதலில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போகவேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வருவதை யோசிக்கலாம். பறப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருமலை ஏறக்குறைய 230 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் உறவுகளைப் பார்த்துவிட்டு வரவும் வசதி.

மூதூர், சம்பூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் இன்னும் கிண்ணியாத் துறையில் பாதைக்கு (வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு) காத்திருந்த நினைவில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குகிறார்கள். அது தேவையில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தாயிற்று, அப்புறம் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. திருமலையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வெயில் ஏறமுன் மூதூரில் இறங்கிவிடலாம்.