காட்டுக்கோழி எவ்வளவு கிட்டே வரவிடும்? அளந்து பார்க்கும் முறை

மூன்றாம் ஆண்டு விலங்கியல் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டு வந்தால் பெரும்பாலும் புலி, யானை என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கோழி என்பேன். முகம் சுருங்கும். ஆனால் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருப்பவருக்கு இதைவிட வசதியான பாடம் கிடையாது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காலையில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி மேயும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் லைன் வீட்டு வாசலில் நாட்டுக்கோழி மேயும்.

அளக்கப்போவது ஒன்றே ஒன்று: ஓர் ஆள் நேராக நடந்து வரும்போது, எத்தனை மீட்டர் தொலைவில் பறவை விலகத் தொடங்குகிறது? இதை ‘ஓடத் தொடங்கும் தூரம்’ என்று வைத்துக்கொள்வோம். பறவை ஆய்வில் உலகமெங்கும் பயன்படும் முறைதான். தேவையானவை ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு, கைக்குள் அடங்கும் மூன்று மணல் பைகள்.

முதலில் அனுமதி. காட்டுக்கோழி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பிடிப்பது, முட்டை எடுப்பது எல்லாம் குற்றம். உதிர்ந்த இறகைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வர வேண்டாம். வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து, தோட்டத்துக்காரரிடமும் கேட்டுவிட்டு, தோட்டச் சாலையிலேயே வேலையை முடியுங்கள். காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பிப்ரவரி முதல் மே வரை அடைகாக்கும் காலம், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தோட்டத்துக் காவல்காரரிடம் விசாரியுங்கள். கோழியை அளக்கப் போன நம்மை யானை அளந்துவிடக் கூடாது.

இனி நடை. சுமார் முப்பது மீட்டர் தள்ளி நின்று ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் இடத்தில் முதல் பையைப் போடுங்கள். வினாடிக்கு ஓர் அடி எடுத்து வைத்து, நிற்காமல், பறவையை நோக்கி நேராக நடங்கள். அது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்ததும் இரண்டாவது பை. விலகத் தொடங்கியதும் மூன்றாவது பை. அப்புறம், பறவை நின்ற இடத்திலிருந்து மூன்று பைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள்.

தொடங்கும் தூரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நீங்கள் தூரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தால் பறவையும் சீக்கிரமே கிளம்பிவிடும். ஒருவர் முப்பதிலிருந்தும் இன்னொருவர் பத்திலிருந்தும் நடந்தால் இரண்டு கணக்கையும் சேர்த்து வைக்க முடியாது. நடப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், ஒரே மங்கலான நிறச் சட்டை போடட்டும். குஞ்சோடு திரியும் கோழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நாட்டுக்கோழியானாலும் சரி. கூட்டமாக மேய்ந்தால் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு நகருங்கள், ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடிவிடும். அதே இடத்துக்கு மறுநாளே போனால் அதே பறவையை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

நாட்டுக்கோழியில் வேறொரு தொல்லை. சில கோழிகள் ஓடாது, தீனி போட வருகிறீர்கள் என்று உங்களை நோக்கியே வரும். அதைச் சுழியம் என்று எழுதி, பக்கத்தில் ‘வந்தது’ என்று குறியுங்கள். கை வெறுமையாகத் தொங்கட்டும். வீட்டுக்காரம்மா வாசலில் நிற்கும்போதும், சாயங்காலம் அடைக்கும் நேரத்திலும் அளக்காதீர்கள்.

ஒவ்வொரு வகையிலும் முப்பது பறவையாவது சேர்ந்ததும் சராசரியைவிட இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவைப் பாருங்கள், ஒன்றிரண்டு சுழியங்கள் சராசரியை இழுத்துவிடும். காட்டுக்கோழியின் எண் பெரிதாக வரும். அதில் ஆச்சரியம் இல்லை. அந்த வித்தியாசம் எதனால் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘வளர்ப்பதால் பயம் போய்விட்டது’ என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வருவார்கள்.

அப்படி எழுத முடியாது. நம் நாட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சாம்பல் நிறக் காட்டுக்கோழி அல்ல, செந்நிறக் காட்டுக்கோழி. 2020இல் 863 பறவைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் செந்நிறக் கோழியின் ஒரு துணையினத்தைத்தான் காட்டியது. நம் சாம்பல் கோழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு இனங்களை. வித்தியாசத்தில் ஒரு பகுதி அதனாலேயே இருக்கலாம்.

இன்னொரு பகுதி பழக்கம். ஆள் நடமாட்டம் உள்ள சாலையோரக் காட்டுக்கோழி கிட்டே விடும். கண்ணி வைக்கும் இடத்தில் ஆளைக் கண்டாலே மறையும். அதனால் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஆள் நடமாட்டம், நாய், வீடு எவ்வளவு தூரம் என்று எழுதிவையுங்கள். மனிதரைச் சகித்துக்கொள்ளும் காட்டுப்பறவை பழகிய பறவைதான், வளர்ப்புப் பறவை ஆகிவிடாது. பழக்கம் அந்தப் பறவையோடு போய்விடும், வளர்ப்பினமாதல் தலைமுறை தலைமுறையாக மரபில் இறங்குகிறது.

இதைப் பிரித்துக் காட்டவே ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர் யென்சனின் குழு செந்நிறக் காட்டுக்கோழியைக் கொண்டே ஆரம்பித்தது. மனிதரைக் கண்டு குறைவாகப் பயப்படும் பறவைகளை ஒரு பக்கமும், அதிகமாகப் பயப்படுபவற்றை இன்னொரு பக்கமும் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரி சூழலில் வளர்த்தார்கள். பயம் குறைந்த வரிசையில், பத்துத் தலைமுறைக்குள், உடல் அளவோடு ஒப்பிட மூளையே சிறியதாகிவிட்டது. அங்கே இனமும் ஒன்று, வளர்ப்பும் ஒன்று. அதனால் அவர்கள் காரணத்தைச் சொல்ல முடிந்தது.

நம் கையில் நாடாவும் மணல் பையும்தான். ஆகவே தலைப்பை ‘வளர்ப்பினமாதலின் விளைவு’ என்று வைக்காமல், ‘கூடலூர்த் தோட்டப் பகுதியில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி, நாட்டுக்கோழி இவற்றின் ஓடத் தொடங்கும் தூரம்’ என்று வையுங்கள். வெளித்தேர்வாளர் காரணம் கேட்டால் இனம், மரபு, பழக்கம் மூன்றையும் சொல்லி, இந்த அளவீடு மூன்றையும் பிரிக்காது என்று சொல்லுங்கள். நாடாவில் அளந்த மூலத்தாளையும் கையோடு கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.