கேமரன் மலைக்கு முதல் தடவை வருகிறீர்களா? மூன்று நாள் திட்டத்தை இப்படிப் போடுங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் என்ன பார்க்கலாம் என்று தேடினால் இடங்களின் பெயர்கள் வந்து கொட்டும். அவற்றை எந்த வரிசையில், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் முதல் தடவை வருகிற குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது. ஏனென்றால் இந்த மலைக்குப் பிரதான சாலை ஒன்றே ஒன்றுதான். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறினால் முதலில் எங்கள் ரிங்லெட், அப்புறம் ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா ஃபார்ம், திரிங்காப், கடைசியில் கம்போங் ராஜா, அங்கிருந்து சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கிவிடலாம். தோட்டம், கடை, கோயில் எல்லாமே இந்தச் சாலையிலோ, இதிலிருந்து பிரிகிற சிறு சாலைகளிலோதான் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் இது அடைத்துக்கொண்டால் வேறு வழி கிடையாது. ஆசையாகக் கிளம்பி வந்த பிள்ளைகள் பாதி நாளைக் காருக்குள்ளேயே கழிப்பதை ரிங்லெட்டில் இருந்து பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நாள் பாருங்கள்

செவ்வாய் முதல் வியாழன் வரை வர முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. சனி, ஞாயிறு கூட்டம் தெரிந்ததே. திங்கட்கிழமை ஏன் வேண்டாம் என்றால், சுங்கை பாலாஸில் இருக்கும் போ (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தின் பார்வையாளர் மையம் வழக்கமாக அன்றைக்கு மூடியிருக்கும், அதைப் பார்க்காமல் திரும்பினால் மலைக்கு வந்ததில் பாதி போச்சு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கடுமை. ஜனவரி, பிப்ரவரி கொஞ்சம் வறண்டு இருக்கும், நடக்க விரும்புகிறவர்கள் அப்போது வாருங்கள். எந்த மாதமானாலும் மதியத்துக்கு மேல் ஒரு மழை வரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டம் முழுவதும் அதை மனத்தில் வைத்துப் போட்டதுதான்.

படி 2: எந்தப் பக்கம் ஏறுவது

கோலாலம்பூர், கிள்ளான், சிரம்பான் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தாப்பா சாலை கிட்ட. பழைய சாலை, குறுகல், தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரைக்கும் சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. ஈப்போ, தைப்பிங், பினாங்குக்காரர்கள் சிம்பாங் பூலாய் வழியாக வந்தால் சாலை அகலமாக, ஓட்ட எளிதாக இருக்கும். மலைச் சாலையில் ஓட்டிப் பழக்கமே இல்லை, தலை சுற்றுகிற பாட்டியும் கூட வருகிறார் என்றால், கொஞ்சம் தூரம் கூடினாலும் சிம்பாங் பூலாய் பக்கம் போகச் சொல்வேன்.

தாப்பாவில் எண்ணெய் நிரப்பிவிட்டு ஏறுங்கள். பசியாறியதும் உடனே ஏற வேண்டாம், பிள்ளைகளுக்குக் குமட்டும். லேசாகச் சாப்பிட்டு, லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியில் நிறுத்திக் காற்று வாங்கிவிட்டுப் போனால் சரியாகிவிடும். வழியில் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாய்க் காய், காட்டுத் தேன், பருவத்தில் டுரியான் எல்லாம் விற்பார்கள், தயங்காமல் வாங்குங்கள். எதிரே வருவது தெரியாத வளைவுகளில் ஹார்ன் அடியுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. இருட்டிய பிறகு, அதுவும் மழையில், இந்தச் சாலையில் ஏற வேண்டாம். மூடுபனி இறங்கும், மண் சரியும்.

கார் இல்லாதவர்கள் கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்திலிருந்து நேராகத் தானா ராத்தாவுக்குப் பேருந்து எடுக்கலாம், நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். மேலே வந்த பிறகு உள்ளூர்ப் பேருந்தை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். டாக்சியோ, தங்கும் விடுதியில் ஏற்பாடு செய்கிற வேனோ பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தானா ராத்தாவில் தங்குங்கள்

பிரிஞ்சாங்கில் ஹோட்டல்கள் நிறைய, ஜாமும் அங்கேதான் நிறைய. தானா ராத்தாவில் பேருந்து நிலையமும் சாப்பாட்டுக் கடைகளும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன, காட்டுப் பாதைகளில் சில ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்குகின்றன. காலையில் தோசை, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, எதற்கும் காரை எடுக்க வேண்டியதில்லை. அறை எடுக்கும்போது ஏர்கான் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், சுடுதண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேளுங்கள். பகலில் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது, இரவில் 15 வரை இறங்கும், மழை பெய்தால் இன்னும் குளிரும். ஆளுக்கு ஒரு சுவெட்டர், குழந்தைகளுக்குக் காலுறை, வழுக்காத காலணி, மழைக்கோட்டு, இவ்வளவு போதும்.

படி 4: முதல் நாள் மத்தியானம்

தாப்பா பக்கமிருந்து வருகிறவர்கள் ரிங்லெட்டை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். ஏரியைத் தாண்டி ஹாபுவில் பிரிகிற சாலைதான் முதல் போ தோட்டத்துக்குப் போகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது அது. அதைத் தாண்டித் தானா ராத்தாவுக்குச் சற்று முன்பு, சாலையோரத்திலேயே கேமரன் பாரத் தேயிலைத் தோட்டத்தின் தேநீர்க் கடை இருக்கிறது, அது 1933இல் தொடங்கிய இந்தியக் குடும்பத்துத் தோட்டம். காரை நிறுத்தி, ஒரு தேநீர், ஸ்ட்ராபெரி ஜாமோடு ஒரு ஸ்கோன், கீழே சரிவு முழுக்கத் தேயிலை. முதல் நாளுக்கு இதுவே நிறைவாக இருக்கும். மழை இல்லையென்றால் மாலையில் தானா ராத்தாவிலிருந்து பாரிட் நீர்வீழ்ச்சிக்கு நடந்துவிட்டு வரலாம், சின்னப் பிள்ளைகளும் நடக்கிற தூரம்தான்.

படி 5: இரண்டாம் நாள், விடிந்ததும் சுங்கை பாலாஸ்

இந்த நாளைத்தான் கவனமாகத் திட்டமிட வேண்டும். எட்டு மணிக்குள் தானா ராத்தாவை விட்டுக் கிளம்புங்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் கூனோங் பிரிஞ்சாங் மலைக்குப் பிரிகிற சாலையில் ஏற வேண்டும். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்கு அது குறுகல், பத்து மணிக்கு மேல் போனால் ஒதுங்கி ஒதுங்கியே நேரம் போய்விடும்.

முதலில் மேலே போய்விடுங்கள். மலையுச்சி 2,000 மீட்டருக்கு மேல். அந்தப் பக்கத்துப் பாசிக்காட்டில் மரத்தின் அடியிலிருந்து நுனி வரை பாசி போர்த்தியிருக்கும், உற்றுப் பார்த்தால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகளும் தென்படும். பாதை பராமரிப்புக்காக மூடப்படுவது உண்டு, அதனால் முந்தின நாளே விடுதியில் விசாரியுங்கள். குறுகிய சாலையில் ஓட்டப் பயமாக இருந்தால் வேன் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இறங்கும்போது தேயிலை மையம். தொழிற்சாலையைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு நேராகப் படம் பிடிக்க ஓடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. நின்று பாருங்கள். வந்த இலையை முதலில் வாட்டுகிறார்கள், ஈரம் குறைந்து துவண்ட பிறகு உருட்டுகிறார்கள், இலை நசுங்கிச் சாறு காற்றில் பட்டு நிறம் மாறுகிறது, சரியான பதத்தில் சூடுகாட்டி உலர்த்தி அந்த மாற்றத்தை நிறுத்துகிறார்கள், கடைசியில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நாம் தினமும் குடிக்கிற தேநீரின் கறுப்பும் மணமும் பெரும்பாலும் அந்த நடுவில் காற்றோடு சேர்கிற நேரத்தில் வருகிறது. அந்த அறையின் வாசனையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சரிவுகளைப் பார்க்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: இந்தக் காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் நம் மக்கள் ஏராளம். தோட்டங்களுக்குள் கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது. இப்போது வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், சமமான இடங்களில் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நடக்கிற வெட்டு இயந்திரம் வந்துவிட்டது. செங்குத்தான சரிவில் இன்னமும் கைதான். லயங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால் லயத்து வீட்டு வாசலில் நின்று, காயப்போட்ட துணியையும் குடியிருக்கிறவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலை நடக்கிற வரிசைகளுக்குள் இறங்க வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிப் பேசிப் பாருங்கள், கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும். அப்போது கூரை உள்ள இடங்கள்: டைம் டனல் அருங்காட்சியகம், ஸ்ட்ராபெரி பறிக்கிற பண்ணைகள். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்குச் சாயந்தரம் போங்கள். குளிருக்கு இரவில் ஸ்டீம்போட் (மேசையில் கொதிக்கிற சூப்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடுவது) நன்றாக இருக்கும், சைவம் வேண்டுமானால் முன்கூட்டியே சொன்னால் காளான், கீரை, சோளம் வைத்துத் தருகிற கடைகள் உண்டு.

படி 6: மூன்றாம் நாள் காலை, காட்டுப் பாதை

தானா ராத்தாவைச் சுற்றி எண் போட்ட பாதைகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு ராபின்சன் நீர்வீழ்ச்சிக்குப் போகிற 9ஆம் பாதையின் முதல் பகுதி போதும். கால் பலம் உள்ளவர்கள் கூனோங் ஜாசார் ஏறலாம். தனியாகப் போகாதீர்கள், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இங்கே தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், எத்தனையோ பேர் நாள்கணக்கில் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. தண்ணீர், விசில், கைவிளக்கு, முழுசாகச் சார்ஜ் ஏறிய கைப்பேசி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

படி 7: வாங்குவதும் இறங்குவதும்

காய்கறி, ஸ்ட்ராபெரி, பூ எல்லாவற்றையும் கிளம்புகிற அன்றைக்கே வாங்குங்கள். சிம்பாங் பூலாய் பக்கம் இறங்குகிறவர்களுக்குக் கியா ஃபார்ம் சந்தை வழியிலேயே வரும். தாப்பா பக்கம் இறங்குகிறவர்கள் அதற்காகத் திரும்பவும் மேலே போய் ஜாமில் மாட்ட வேண்டாம், ரிங்லெட் வரைக்கும் சாலையோரக் கடைகள் இருக்கின்றன. விலை எழுதியிருந்தாலும் ரெண்டு மூணு கட்டாகச் சேர்த்து எடுத்தால் ஒரு வெள்ளி ரெண்டு வெள்ளி குறைத்துக் கேட்கலாம். ஸ்ட்ராபெரியைக் கழுவாமல் எடுத்துப் போங்கள், கழுவினால் வீடு போய்ச் சேர்வதற்குள் குழைந்துவிடும்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆட்டோ கியர் காராக இருந்தாலும் கியரைக் குறைத்து வைத்து இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, பிரேக் ஆறும் வரை அரை மணி நேரமாவது நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குத் தாப்பாவில் இருக்கிற மாதிரி கிளம்பிவிட்டால் மழையும் பிடிக்காது, மாலைக் கூட்டமும் இருக்காது.