விறகு எரிப்பது பருவநிலைக்கு நல்லதா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

"வெட்டின மரம் திரும்ப வளர்ந்துவிடும், அதனால் விறகுப் புகை கணக்கில் வராது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

முதலில் புகைபோக்கியைப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன்தான். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் ஒரு கிலோ விறகிலிருந்து சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொதுக் கணக்குப்படி விறகு 112 கிலோ, நிலக்கரி சுமார் 95, இயற்கை எரிவாயு 56. ஆமாம், அந்த நொடியில் விறகு நிலக்கரியையே மிஞ்சிவிடுகிறது.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: நாம் எரிக்காமல் விட்டிருந்தால் இந்தப் பொருள் என்ன ஆகியிருக்கும்? மரத்தூள், உமி, கரும்புச் சக்கை எல்லாம் எப்படியும் சில வருடங்களில் மக்கியோ எரிந்தோ போயிருக்கும், அதனால் அவற்றை எரிப்பதில் கூடுதல் சுமை குறைவு. சாணம் இன்னும் மேல். குழியில் கிடந்தால் அதிலிருந்து வரும் மீத்தேன் 100 வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூடாக்கும், அதைக் கலனில் பிடித்து எரித்தால் லாபம்தான் (குழாய் கசிந்தால் அந்த லாபமும் போச்சு). ஆனால் நின்றுகொண்டிருந்த 60 வயது மரத்தை வெட்டி எரித்தால், அதே இடத்தில் இன்னொன்று அந்த அளவுக்கு வளர 60 வருடம் வேண்டும், அதுவரை அந்தக் கார்பன் மேலேதான் இருக்கும். வெட்டாமல் விட்டிருந்தால் அந்த மரம் காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் கார்பனை இழுத்திருக்கும், அதையும் சேருங்கள்.

ஈரத்தை மறக்காதீர்கள். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர், வெப்பத்தில் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே செலவாகிவிடும், கரும்புகையும் கூடும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் இன்னும் சில மாதம் மழை படாமல் அடுக்கி வையுங்கள்.

கடைசியாக, நாடுகள் காட்டும் எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விறகு எரிந்த இடத்தில் பூஜ்யம் போடுவார்கள், மரம் வெட்டிய நாட்டின் நிலக்கணக்கில்தான் அது ஏறும். இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் எரிக்கும் பெல்லட்களில் (மரத்தை அரைத்து அழுத்திய சிறு உருளைகள்) பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. புகை யார்க்‌ஷயரில், கணக்கு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். அதனால் விற்பவரிடம் "இது கழிவா, முழு மரமா?" என்று கேளுங்கள், 'நிலையானது' என்ற முத்திரையைக் காட்டினால் மறுபடியும் அதையே கேளுங்கள்.