எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி எதிர்த்துப் பேசுவது எப்படி

பிரசாரத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எதிரணி வேட்பாளர் என்ன சொல்கிறார் என்பதை, அவரே பக்கத்தில் நின்று கேட்டாலும் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் இன்னும் மைக்கைப் பிடிக்காதீர்கள். நம் பழைய சமய வாதங்களில் இதற்குப் பரபக்கம், சுபக்கம் என்று பெயரே இருக்கிறது: அடுத்தவர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம், அதன் பிறகு தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். அந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் கருத்தை எங்கிருந்து எடுப்பது? தேர்தல் அறிக்கை, முழுப் பேச்சு, சபைக் குறிப்பு, இந்த மூன்றிலிருந்து மட்டும். இருபது நொடி கிளிப்பிலிருந்து எடுக்கவே கூடாது, கிளிப் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடமாவது கேட்டுவிடுங்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு உள்ளாட்சித் தேர்தலில் நாங்கள் அடித்த துண்டறிக்கையில் எதிரணிக்காரரைப் பற்றி "குடிநீர்த் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். ஒரு வீட்டு வாசலில் அதை வாங்கிப் படித்த ஒரு அம்மா, "தீர்மானத்தை முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டார். படிக்கவில்லை. அன்று இரவே எடுத்துப் பார்த்தால், அவர் எதிர்த்தது திட்டத்தை இல்லை, அதற்குக் கடன் வாங்குவதை. மறுநாள் வரியை மாற்றினோம்: "குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் வேண்டாம் என்றவர். கடன் இல்லாமல் எத்தனை வருடத்தில் முடிப்பார் என்று இன்னும் சொல்லவில்லை." முதல் வரியை அவர் ஒரே மறுப்பில் உதறியிருப்பார். இரண்டாவதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பழைய துண்டறிக்கை போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய் "முன்பு தந்ததில் தவறு இருக்கிறது" என்று சொல்லிப் புதியதைக் கொடுத்தோம், சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் திருத்தம் தவறு போன இடத்துக்கே போக வேண்டும், மூலையில் சின்ன எழுத்தில் போட்டால் அது திருத்தமே இல்லை.

எதைத் தாக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: மற்றக் கட்சிகள் மீதான விமர்சனம் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு, பணி ஆகியவற்றோடு நிற்க வேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையை இழுக்கக் கூடாது. எந்த நாட்டில் பிரசாரம் செய்தாலும் இந்தக் கோடு பொருந்தும். அவர் உடம்பு, குடும்பம், பிறப்பு, மதம், பேசும் விதம் எதுவும் நம் வேலை இல்லை. அவர் அதிகாரத்தில் இருந்தபோது தம்பிக்கு ஒப்பந்தம் கொடுத்தார் என்றால், அது குடும்ப விஷயம் இல்லை, பொது விஷயம். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் கையில் ஆவணம் இருக்கட்டும்.

அப்புறம், "பொய்யர்" என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அவர் சொன்ன எண் தவறு என்று உங்களால் காட்ட முடியும். தவறு என்று தெரிந்தே சொன்னார் என்பதைக் காட்ட முடியுமா? பெரும்பாலும் முடியாது. "இந்தக் கணக்கு தவறு, சரியான கணக்கு இது" என்று சொன்னால் கேட்பவர் கணக்கைப் பார்ப்பார், "பொய்யர்" என்றால் சண்டையைத்தான் பார்ப்பார்.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது, நம் ஆள் எல்லை மீறும்போது நிறுத்துவது. 2008 அக்டோபரில், அமெரிக்க அதிபர் தேர்தல் நேரம், மினசோட்டாவில் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் கூட்டத்தில் ஒரு பெண் மைக்கை வாங்கி, எதிரணி வேட்பாளர் ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபியர் என்றார். மெக்கெய்ன் தலையை அசைத்து மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், நாட்டின் குடிமகன், அடிப்படையான விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, இந்தப் பிரசாரமே அதைப் பற்றியதுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். அதே கூட்டத்தில், ஒபாமாவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது அவருடைய ஆதரவாளர்களே கூச்சல் போட்டார்கள். அந்தப் பதிலிலும் ஒரு குறை உண்டு, அரபியராக இருப்பதே ஏதோ குற்றம் போல அது நின்றுவிட்டது. இருந்தாலும், சொந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேரே, அந்த நொடியிலேயே சொன்னார் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் பழக வேண்டும்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எதிரணி வேட்பாளரின் மகளைப் பற்றி ஒரு படம் வருகிறது என்று வையுங்கள். பேசாமல் இருந்தால் நீங்களும் அனுப்பியது போலத்தான். போட்டவரிடம் தனியாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், மானம் போகாமல் அவர் பின்வாங்க வழி கிடைக்கும். அரை மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால் குழுவிலேயே சொல்லுங்கள்: "இது நம் பிரசாரம் இல்லை, யாரும் பகிர வேண்டாம்." நீளமாக விளக்கினால் அங்கேயே ஒரு விவாதம் ஆரம்பித்துவிடும்.

எதிராளி உங்களையே திட்டினால்? ஒரு வரியில் மறுத்துவிட்டு விஷயத்துக்குத் திரும்புங்கள். "அது உண்மை இல்லை. நான் கேட்டது பள்ளிக்கூட நிதியைப் பற்றி, அதற்கு என்ன பதில்?" சரி, மேடையில் கத்திக் குறுக்கிட்டால் என்ன செய்வது என்றால், நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். 1858-இல் அமெரிக்க செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் இல்லினாய் மாநிலத்தில் ஏழு இடங்களில் விவாதித்தபோது முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், அடுத்தவருக்கு 90, மறுபடி முதலாமவருக்கு 30 என்று வைத்துக்கொண்டார்கள். பேச்சு காரமாகத்தான் இருந்தது, ஆனால் இருவரும் சொல்லி முடிக்க இடம் இருந்தது. உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் என்றாலும் அதைச் சமமாகப் பிரித்து, மணி பார்க்க இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒருவரை உட்கார வையுங்கள்.

வாக்கு எண்ணி முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. தவறு என்று தெரிந்த படமோ பதிவோ உங்கள் ஆட்களிடம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும், அன்றைக்கே அதை நீக்கச் சொல்லி அதே குழுவில் எழுதுங்கள். அந்த மகள் அடுத்த வாரமும் கல்லூரிக்குப் போக வேண்டும்.