சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது? தெர்மல் கேமரா பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில், சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமரா இப்போது அதிசயப் பொருள் இல்லை. ஏர்கோன் கழுவ வருகிறவரின் பையில் ஒன்று இருக்கிறது. போனில் செருகுகிற சின்ன வகையை இணையத்தில் வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நாலு படம் எடுத்து, சிவப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, "இங்கதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் படத்தை நம்பி சிலிங்கைப் பிரித்தவர்கள் உண்டு, சுவரை உடைத்தவர்களும் உண்டு. கேமராவில் குறை இல்லை. அதைக் குளிர் நாட்டு வழக்கப்படி பிடிப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

இந்த வேலை வளர்ந்ததே குளிர் நாடுகளில்தான். பிரிட்டன் மாதிரி நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டரைப் போட்டு, உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பொழுது விடிவதற்கு முன்னால் வெளியே நின்று படம் எடுப்பார்கள். உள்ளிருந்து எங்கே சூடு தப்பி ஓடுகிறதோ அந்த இடம் வெளியே பளிச்சென்று தெரியும். யூடியூப்பில் இருக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை சொல்லித்தருவது இதைத்தான்.

அதை அப்படியே நம் ஊரில் செய்தால் என்ன ஆகும்? விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே 24 டிகிரி, வீட்டுக்குள் 26 அல்லது 27. படத்தில் ஒன்றுமே தெரியாது. 'வீடு நல்லா இருக்கு' என்று நிம்மதியாகிவிடுவோம். மத்தியானம் அதே வீடு வெந்துகொண்டிருக்கும். நமக்குச் சூடு வெளியே போவது பிரச்சினை இல்லை, உள்ளே வருவதுதான் பிரச்சினை. அதனால் பார்க்க வேண்டிய நேரமும் நிற்க வேண்டிய இடமும் மாறிவிடுகின்றன. நல்ல வெயில் நாளில், மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள், வீட்டுக்குள் நின்று முதலில் சிலிங்கைப் பார்க்க வேண்டும். பேராக்கில் பின்நேரம் இடி மழை கொட்டும் மாதங்களில் நாலு மணி வரை காத்திருந்தால் அன்றைய வேலை கெட்டுவிடும். மழை நனைத்த கூரையும் சுவரும் ஈரம் காய்வதாலேயே குளிர்ந்துவிடும். அதை எடுத்த படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை, மறுநாள்தான் பார்க்க வேண்டும்.

சிலிங்கை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை மாடி டெரஸ் வீட்டில் வெயிலை நேராக வாங்குவது கூரைதான். உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரிக்கு மேல் போகும். சிலிங்குக்கு மேலே சூட்டைத் தடுக்க விரிக்கும் பஞ்சு (ராக்வூல் மாதிரி) இல்லாத வீட்டில் சிலிங் பலகை 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. தலைக்கு மேல் அதைவிடச் சூடான பலகை இருந்தால், ஏர்கோன் காற்று 24-இல் வந்தாலும் உடம்பு எரிகிற மாதிரிதான் இருக்கும். உடனே ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குகிறோம். பலகை அப்படியேதான் இருக்கிறது, கரண்டு பில்தான் ஏறுகிறது.

சிலிங் படத்தில் கட்டைகளின் கோடுகளைக் கவனியுங்கள். மத்தியானத்தில் கட்டைக் கோடுகள் குளிர்ந்தும் இடையில் உள்ள பலகை சூடாகவும் தெரிந்தால், பெரும்பாலும் மேலே பஞ்சே இல்லை. கட்டை இருக்கும் இடத்தில் மட்டும் அந்த மரம் கொஞ்சம் தடுக்கிறது. கட்டைகள் சூடாகவும் இடைப்பட்ட இடம் குளிர்ந்தும் தெரிந்தால் பஞ்சு இருக்கிறது, வேலையும் செய்கிறது. நல்ல சிலிங்கில் ஒரே ஒரு சதுரம் மட்டும் சூடாகத் தெரிந்தால், எப்போதோ வயரிங் ஆளோ பைப் ஆளோ மேலே ஏறி ராக்வூலை ஒதுக்கிவிட்டு அப்படியே இறங்கியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஏணி வைத்து ஏறி, அதை இழுத்து மூடினால் முடிந்தது. இந்தக் கருவி காசை மிச்சம் பிடித்துத் தருகிற இடங்களில் இது முக்கியமானது.

அப்புறம் மேலே ஏறினவர்கள் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. கூரைக்கு அடியில் பளபளவென்று அலுமினியத் தாள் விரித்திருப்பார்கள். கேமராவை அதன் பக்கம் திருப்பினால் 36, 37 என்று காட்டும். 'அட, தாள் சூட்டைத் தடுத்துவிட்டதே' என்று தோன்றும். அந்த எண்ணை நம்பக் கூடாது. கேமரா பார்ப்பது ஒரு பொருளின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது ஏறக்குறைய 8-இலிருந்து 14 மைக்ரோமீட்டர் வரை உள்ள அலையை. பெயின்ட் அடித்த சுவர், மரம், செங்கல் எல்லாம் தங்கள் சூட்டுக்கு ஏற்றபடி அதை நன்றாகவே வெளியிடும். இந்தத் திறனுக்கு எமிசிவிட்டி என்று பெயர். அவற்றுக்கு அது 0.9-க்கு மேல். பளபளப்பான அலுமினியத்துக்கோ 0.05 அளவுதான். அது தன் சூட்டைச் சொல்லாமல் எதிரில் இருப்பதைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். நீங்கள் எதிரில் நின்றால் உங்கள் சூட்டைத்தான் காட்டுகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கறுப்பு வயரிங் டேப்பில் ஒரு துண்டு வெட்டித் தாளில் அழுத்தி ஒட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, கேமராவில் எமிசிவிட்டியை 0.95-இல் வைத்து, டேப்பின் மேல் குறிவைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தாள் 37 காட்டும்போது டேப் மட்டும் அதற்கு மேல் எங்கேயோ நிற்கும். தாளின் உண்மையான சூடு டேப் காட்டுவதுதான். அதற்காகத் தாள் வீண் என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். சூட்டைக் கீழே வீசாமல் இருப்பதுதான் அதன் வேலை, அதே குணம்தான் கேமராவையும் ஏமாற்றுகிறது. வெளியே புதுத் தகரக் கூரையைப் படம் பிடித்தாலும் இதே கதைதான். தெளிந்த வானம் கேமராவுக்கு மிகவும் குளிர்ந்த பொருள், அந்தக் குளிரைத் தகரம் திருப்பிக் காட்டும். தொட்டால் கை வெந்துபோகும் தகரம் படத்தில் நீலமாக இருக்கும்.

ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். இந்த அலை கண்ணாடியை ஊடுருவாது. கண்ணாடி வழியாக வெளியில் இருப்பதைப் படம் பிடிக்க முடியாது, நேராக நின்றால் ஜன்னலில் உங்கள் உருவமே மங்கலாகத் தெரியும். கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள்.

நிறத்தை நம்புவது அடுத்த பெரிய தவறு. கேமரா பெரும்பாலும் தானாகவே அளவுகோலைச் சரிசெய்துகொள்ளும். படத்தில் மிகக் குறைந்த சூடு எதுவோ அது நீலம், மிக அதிகம் எதுவோ அது வெள்ளை அல்லது சிவப்பு. அறையில் 27-க்கும் 28-க்கும்தான் வித்தியாசம் என்றாலும் சுவர் நெருப்புப் பிடித்த மாதிரி படம் வரும். இதை வைத்தே வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். வீடு முழுக்க ஒரே அளவுகோலில், உதாரணமாக 22-இலிருந்து 42 வரை என்று பூட்டிவைத்து எடுங்கள். அப்போதுதான் ஓர் அறையை இன்னோர் அறையோடு ஒப்பிட முடியும். சாதாரணக் கேமராக்கள் இரண்டு டிகிரி மேலே கீழே காட்டக்கூடியவை. அதனால் 'சுவர் சரியாக 31.4' என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஒரே படத்தில் இரண்டு இடங்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தை அதைவிட நம்பலாம்.

மேற்குச் சுவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. பின்நேர வெயிலைக் குடித்த செங்கல் சுவர் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கும் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். படத்தில் சுவர் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அது உடைப்பும் இல்லை, கசிவும் இல்லை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் 'பலகை வீட்டில் ராத்திரி இப்படி வேகவில்லையே' என்று சொல்வது வெறும் ஏக்கம் கிடையாது. பலகைச் சுவர் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும், செங்கல் ஆறாது. இதற்கு மருந்து வெளிப்பக்க நிழல்தான்: ஒரு பந்தல், ஒரு மரம், நீட்டிய கூரை. உள்ளே ஆயிரக்கணக்கில் செலவு செய்து பலகை அடிப்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

இனி நீலப் பிரச்சினை. "தம்பி, இங்க நீலமா இருக்கே, பைப் உடைஞ்சிருச்சா?" என்று கேட்காத வீட்டுக்காரம்மா இல்லை. ஈரம் காயும்போது சுவர் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் இடமும் நீலம்தான், பக்கத்து வீட்டு ஏர்கோன் குளிர வைத்த பொதுச் சுவரும் நீலம்தான். கேமரா சுவருக்குள் பார்ப்பதில்லை, சுவரின் தோலைத்தான் பார்க்கிறது. முதலில் கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் ஈரமானி வைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகு சுத்தியலை எடுக்கலாம்.

பொதுச் சுவர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்து முத்தாகப் படியும். பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையறையை ராத்திரி முழுக்க 18-இல் வைத்திருந்தால், உங்கள் பக்கத்துச் சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கலாம். குளிர் நாட்டில் பூஞ்சை வீட்டின் உள்பக்கம் வரும். இங்கே குளிர்ந்த அறைக்கு வெளிப்பக்கம் வருகிறது. அதனால் ஏர்கோன் அறையை உள்ளிருந்து மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடக் கூடாது. அடுத்த அறையிலும் நடையிலும் நின்று அதே சுவரைப் பார்க்க வேண்டும்.

காற்றுக் கசிவும் அப்படித்தான். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கி கதவின் அடியில் வெளியேறும். அதற்குப் பதில் சூடான காற்று மேல் இடுக்கிலும் சிலிங் விளக்கின் ஓட்டையிலும் உள்ளே வரும். ஏர்கோனை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கதவுக்கு வெளியே நின்று தரையைப் பாருங்கள். கதவடியிலிருந்து தரை ஓட்டில் நீல நாக்கு ஒன்று நீண்டிருக்கும். பிறகு உள்ளே போய் மேல் விளிம்பைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் ஊதுபத்தியைக் காட்டினால் புகையே சொல்லிவிடும். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய பழைய நாக்கோ ஜன்னலும் அதற்கு மேல் இருக்கும் காற்றுத் துவாரமும் ஏர்கோன் அறையில் இருந்தால் அடைக்கலாம். ஏர்கோன் இல்லாத அறையில் அடைக்காதீர்கள், அங்கே காற்றோட்டம்தான் குளிர்ச்சி. கேஸ் அடுப்பு எரியும் சமையலறையின் துவாரத்தைத் தொடவே கூடாது.

கருவியின் அளவைப் பற்றிச் சுருக்கமாக. 160-க்கு 120 புள்ளி உள்ள கேமராவோடு மூன்று மீட்டர் தள்ளி நின்றால், ஒரு புள்ளி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடத்தை அள்ளிக்கொள்ளும். சின்ன இடுக்கைப் பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இதற்கு ஆகாது. அது நெற்றிச் சூட்டிலிருந்து உடம்புச் சூட்டைக் கணக்குப் போட்டுக் காட்டும் கருவி. மின்சாரப் பெட்டியைப் படம் பிடிக்கும் ஆசை வந்தால் மூடியைக் கழற்றாமல் பாருங்கள், கழற்ற வேண்டியது லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை.

யாரைக் கூப்பிடுவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பஞ்சு விற்கிறவர் இலவசமாகப் படம் எடுத்துத் தருகிறேன் என்றால் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள், முடிவை வாங்காதீர்கள். அவரிடம் நாலு விவரம் கேளுங்கள்: எந்த நேரம், வெயிலா மேகமா, ஏர்கோன் எவ்வளவு நேரம் ஓடியது, எமிசிவிட்டி எதில் வைத்தீர்கள். பதில் இல்லாத படம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. கூரையின் தரத்தை எண்ணாகச் சொல்லும் யூ மதிப்பையும் அந்தப் படத்திலிருந்து எடுக்க முடியாது. கட்டடத் துணைச்சட்டங்களில் 2012-இல் வந்த 38ஏ விதி, சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைவான லேசான கூரைக்கு யூ மதிப்பு 0.4-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதை ஓடு, தாள், பஞ்சின் கனம், சிலிங் என்று அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். 'படமே சர்டிபிகேட்' என்று யாராவது சொன்னால் பஞ்சு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த பிறகு சரிபார்ப்பதிலும் ஏமாற இடம் இருக்கிறது. முன்னால் எடுத்த படம் வெயில் நாளில், பின்னால் எடுத்த படம் மேகமூட்டத்தில் என்றால் எந்தச் சிலிங்கும் குளிர்ந்துதான் தெரியும். அதே மணி, அதே மாதிரி வெயில், அதே அளவுகோல், அதே இடத்தில் நின்று எடுங்கள். பஞ்சு போட்ட ஆளுக்கு மீதிப் பணத்தை அந்த இரண்டாவது படம் பார்த்துக் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வது இன்னும் நல்லது.