பூங்கா வாசலிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்: குடும்பத்தோடு ஒரு நீண்ட கார்ப் பயணம்

குடும்பத்தோடு முதன்முறையாகக் காரில் தீம் பார்க் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ‘எத்தனை மணிக்குப் புறப்படலாம்?’ என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்கள் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பூங்கா திறக்கும் காலையில் உங்கள் பிள்ளைகள் அதன் வாசலில் எப்படி நிற்க வேண்டும்? நன்றாகத் தூங்கி எழுந்து, வயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல், முகத்தில் தெளிவோடு நிற்க வேண்டும். அந்தக் காலையை முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி வாருங்கள். புறப்படும் நேரம் தானாகவே கிடைத்துவிடும்.

முதல் படி: பூங்காவின் நாளைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளி விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்த நாட்களில் வரிசைகள் மிக நீளமாக இருக்கும். வார நாள் கிடைத்தால் அதையே எடுங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அன்று பூங்கா திறந்து மூடும் நேரம், பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கும் ரைடுகள், டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்பது. பிள்ளைகள் ஆசையாகக் காத்திருக்கும் ரைடு அந்த மாதம் முழுவதும் மூடியிருக்கலாம். தங்கும் அறையை அதற்குப் பிறகு பதிவு செய்தால் போதும்.

இரண்டாம் படி: பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். பெரிய ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. 40 அங்குலம், அதாவது ஏறத்தாழ 102 செ.மீ., என்பதும் 48 அங்குலம், அதாவது 122 செ.மீ., என்பதும் பல பூங்காக்களில் காணப்படும் வரம்புகள். இருக்கையின் பாதுகாப்புத் தடுப்பு உடலைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு அது. கெஞ்சினாலும் ஊழியர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

என் மகளிடம் “இந்த முறை நீ ஏறலாம்” என்று அளந்து பார்க்காமலே சொல்லியிருந்தேன். நாற்பது நிமிடம் வரிசையில் நின்று அளவுக் கம்பத்தருகே போனபோது, கோட்டுக்கும் அவள் உச்சந்தலைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அவள் குதிகாலை மெல்ல உயர்த்தினாள். ஊழியர் குனிந்து, அவள் தோளில் கைவைத்து மறுபடி தரையில் நிற்க வைத்தார். அவள் அழவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரையும் கடந்து, வந்த வழியே திரும்பி நடந்தாள். அன்று மாலைவரை அவள் எதையும் கேட்கவில்லை.

ஆகவே வீட்டிலேயே, வெறுங்காலோடு, சுவரில் முதுகு ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்துப் பென்சிலால் கோடிடுங்கள். அந்த அளவோடு ரைடுகளின் பட்டியலை ஒப்பிட்டு, ஏறக்கூடியவற்றை மட்டும் பிள்ளையோடு சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால், பெற்றோர் இருவரும் மறுபடி வரிசையில் நிற்காமல் மாறி மாறி ஏறும் வசதி உண்டா என்று கேளுங்கள். பல பெரிய பூங்காக்களில் உண்டு. கர்ப்பிணிகள், இதய நோய், கழுத்து, முதுகுவலி உள்ளவர்கள் எதில் ஏறக்கூடாது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள்

கைபேசி வரைபடம் காட்டுவது வண்டி நிற்காமல் ஓடும் நேரம். ஒன்பது மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேர ஓய்வு என்றால் நான்கு நிறுத்தங்கள், ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி. எரிபொருள், எதிர்பாராத கழிப்பறைத் தேவை, போக்குவரத்து நெரிசல் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு மணி. மொத்தம் பன்னிரண்டு மணியை நெருங்கிவிடும். சிறு பிள்ளைகளோடு போனால், காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால், எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தை இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள்.

பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று இரவு முழுவதும் ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடல் இயல்பாகவே தூக்கத்தை நாடும். பிற்பகலிலும் 2 மணியை ஒட்டி ஒரு சோர்வு வரும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருக்கு இணையாகக் குறைந்துவிடுகிறது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான்.

கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, வண்டி கோட்டைத் தாண்டி ஒதுங்குகிறது, கண் அடிக்கடி சிமிட்டுகிறது என்றால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைப் போக்காது. காபி வேலை செய்யவே ஏறத்தாழ அரை மணி ஆகும். எனவே காபி குடித்ததும் 20 நிமிடம் கண் அயர்ந்துவிட்டு எழுவது ஓரளவு கைகொடுக்கும்.

நான்காம் படி: வண்டி

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். முந்தின நாள் பார்த்தால் பழுதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. பிரேக், கூலன்ட், எண்ணெய், வைப்பர், விளக்குகள், ஸ்டெப்னி. டயர்க் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆட்களும் சுமையும் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு தரப்பட்டிருந்தால் அதையே எடுங்கள்.

குழந்தை இருக்கையை, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். இரண்டரை செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் பொருத்தியது போதாது. கனமான பெட்டிகள் அடியில் இருக்கட்டும். பின் கண்ணாடியை ஒட்டி எதையும் அடுக்கவேண்டாம். திடீர் பிரேக்கில் அவை பிள்ளைகளின் தலைக்குத்தான் பாயும்.

ஐந்தாம் படி: வண்டிக்குள் வாந்தி, சலிப்பு

வண்டியின் அசைவைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கையிலுள்ள திரையையோ புத்தகத்தையோ பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். முன்பக்கச் சாலை தெரியும்படி உட்கார வைப்பது, காற்றோட்டம், வயிறு நிரம்பாத எளிய சாப்பாடு ஆகியவை உதவும். மாத்திரை தேவைப்பட்டால், வயதுக்கேற்ற அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரையைவிடக் காதால் கேட்கும் கதைகள் நல்லது. வண்டியே அமைதியாகிவிடும்.

ஒரு சிறு பையைப் பின் இருக்கையில் கைக்கு எட்டும்படி வையுங்கள்: மாற்றுடை, துண்டு, மூடி போட்ட டப்பா, ஈரத் துடைப்பான், தண்ணீர். டிக்கியில் பெட்டிக்கு அடியில் கிடக்கும் மாற்றுடை அவசரத்துக்கு உதவாது.

ஆறாம் படி: ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள்

பயணம் செய்த அன்றே பூங்காவுக்குள் நுழைய வேண்டாம். முதல் நாள் மாலை வந்து, சாப்பிட்டு, நேரத்தோடு படுத்துவிடுங்கள். மறுநாள் கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் இருந்தால், கூட்டம் சேரும் முன் மிக விரும்பும் இரண்டு ரைடுகளை முடித்துவிடலாம். வண்டி நிறுத்திய இடத்தின் பலகையைப் படம் எடுங்கள். பிள்ளைகளையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுங்கள்; தொலைந்துவிட்டால் அடையாளம் சொல்ல அது போதும். சிறு குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் எண்ணை எழுதுங்கள்.

தூங்கும் குழந்தையை நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது.

ஏழாம் படி: திரும்பும் வழி

எல்லாரும் போவதைத் திட்டமிடுகிறார்கள், திரும்புவதைத் திட்டமிடுவதில்லை. பூங்காவில் பத்து மணி நேரம் நடந்து, வெயிலில் நின்றவர் அன்றிரவே ஓட்டக்கூடாது. இன்னொரு இரவுக்கு அறை எடுப்பது வீண் செலவு என்று தோன்றினால், பூங்காவில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர்ந்த மறுநாளும் வேலையும் பள்ளியும் இல்லாமல் இருக்கட்டும். விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும்போதே அந்த நாளையும் சேர்த்து எழுதிவிடுகிறேன் நான்.