ஓயூ மரத்தை வரைவது எப்படி? ஆக்டிவ் டைரக்டரிக்குப் புதியவர்களுக்கு

நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்ட் சேவைதான் ஆக்டிவ் டைரக்டரி. அதை நிறுவி முடித்ததும் பலரும் நிறுவனத்தின் துறைப் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். கணக்குப் பிரிவு, விற்பனை, மனிதவளம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓயூ போட்டுவிடுகிறார்கள். ஓயூ என்பது ஆர்கனைசேஷனல் யூனிட். பயனர் கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் பிரித்து வைக்க உதவும் பெட்டி. ஒன்றுக்குள் ஒன்றாக ஓயூக்களை அடுக்கினால் அதுவே மரம். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். சில மாதங்களில் இரண்டு துறைகளை ஒன்றாக்கி, மூன்றாவதற்குப் பெயரை மாற்றினார்கள். அப்புறம் மரத்தைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

படி 1: முதலில் காகிதம்

கணினியைத் தொடாமல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தக் கணக்குகளை யார் நிர்வகிக்கப் போகிறார்கள்? இவற்றுக்கு எந்த குரூப் பாலிசி (பயனர்களுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் மொத்தமாகப் போடும் அமைப்பு விதிகள்) பொருந்த வேண்டும்? இரண்டு துறைகளுக்கும் இரண்டு பதில்களும் ஒன்றே என்றால் தனித்தனி ஓயூ தேவையில்லை.

"அப்படியானால் கணக்குப் பிரிவுக்கு மட்டும் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிடுவது எப்படி?" என்று கேட்கலாம். அது குரூப்பின் வேலை, அதாவது அனுமதி கொடுப்பதற்காகக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் பட்டியலின் வேலை. ஓயூவுக்கு ஃபோல்டர் அனுமதி கொடுக்கவே முடியாது. தவிர, ஒருவர் ஒரே ஓயூவில்தான் இருக்க முடியும். குரூப்புகளிலோ எத்தனையிலும் இருக்கலாம். துறை மாறுகிறவரை குரூப் மாற்றினால் போதும், மரத்தில் கை வைக்க வேண்டாம்.

படி 2: மரத்தை வரையுங்கள்

எல்லாக் கணக்குகளும் கம்ப்யூட்டர்களும் அடங்கும் வட்டம்தான் டொமைன். அதற்குக் கீழே நிறுவனத்தின் பெயரில் ஒரு ஓயூ. அந்த ஓயூவுக்குள் பயனர்கள், கம்ப்யூட்டர்கள், சர்வர்கள், குரூப்புகள், நிர்வாகக் கணக்குகள், சர்வீஸ் கணக்குகள் (மென்பொருள்கள் ஓடுவதற்கான கணக்குகள்). தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

பயனர்களையும் கம்ப்யூட்டர்களையும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு குரூப் பாலிசியிலும் இரண்டு பாதிகள்: ஒன்று கம்ப்யூட்டர் இருக்கும் ஓயூவைப் பார்க்கும், மற்றது பயனர் இருக்கும் ஓயூவைப் பார்க்கும். இரண்டையும் கலந்து போட்டால், ஒரு அமைப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

கிளை அலுவலகத்துக்குத் தனி ஓயூ வேண்டுமா? அங்கே தனி டெக்னீஷியன் இருந்தால், அல்லது தனி பாலிசி இருந்தால் வேண்டும். இல்லையென்றால் வேண்டாம். ஆழமும் அப்படித்தான். மூன்று, நான்கு அடுக்கைத் தாண்டினால் நான் காகிதத்துக்குத் திரும்பிவிடுவேன்.

ஆக்டிவ் டைரக்டரியை இயக்கும் சர்வர்களுக்காக டொமைன் கன்ட்ரோலர்ஸ் என்ற ஓயூ தானாகவே வந்திருக்கும். அதைத் தொடாதீர்கள், அதிலிருக்கும் சர்வர்களை வெளியே நகர்த்தவும் வேண்டாம்.

படி 3: உருவாக்குங்கள்

ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிர்வாகக் கருவியைத் திறந்து, டொமைன் பெயரில் ரைட் கிளிக் செய்து, நியூ, ஆர்கனைசேஷனல் யூனிட் என்று போங்கள். தவறுதலாக அழியாமல் காக்கும் டிக் ஏற்கெனவே இருக்கும், அதை எடுக்காதீர்கள். பின்னாளில் ஓயூவை அழிக்கவே வேண்டுமென்றால், வியூ மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸை இயக்கிய பிறகுதான் அந்த டிக் ஆப்ஜெக்ட் என்ற டேபில் கண்ணில் படும்.

படி 4: பழைய பெட்டிகளைக் கவனியுங்கள்

யூசர்ஸ், கம்ப்யூட்டர்ஸ் என்று முன்பே இருக்கும் இரண்டும் பார்க்க ஓயூ போல இருக்கும், ஆனால் ஓயூ அல்ல. அவற்றில் குரூப் பாலிசியை இணைக்க முடியாது. டொமைனில் புதிதாகச் சேரும் கம்ப்யூட்டர் வழக்கமாக கம்ப்யூட்டர்ஸ் பெட்டியில்தான் போய் விழும். ரெடிர்யூஎஸ்ஆர் (redirusr), ரெடிர்சிஎம்பி (redircmp) என்ற இரண்டு கட்டளைகளால் அந்த வழக்கத்தை உங்கள் ஓயூக்களுக்குத் திருப்பிவிடலாம்.

படி 5: பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்

பயனர்கள் ஓயூவில் ரைட் கிளிக், டெலிகேட் கன்ட்ரோல். பாஸ்வேர்ட் மாற்றும் உரிமையை ஹெல்ப் டெஸ்க் குரூப்புக்குக் கொடுங்கள், தனி ஆளுக்கு அல்ல. டொமைன் அட்மின் ஒருவரின் பாஸ்வேர்டை மட்டும் ஹெல்ப் டெஸ்க்கால் மாற்ற முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அத்தகைய கணக்குகளின் அனுமதிகளை டைரக்டரியே 60 நிமிடத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

படி 6: ஒன்றிரண்டை நகர்த்திப் பாருங்கள்

எல்லாரையும் ஒரே நாளில் நகர்த்தாதீர்கள். ஒரு சோதனைக் கணக்கு, ஒரு சோதனைக் கம்ப்யூட்டர். ரீஸ்டார்ட் செய்து லாகின் ஆனதும், கமாண்ட் பிராம்ப்டில் ஜிபிரிசல்ட்டை (gpresult /r) ஓட்டினால் எந்தப் பாலிசி வந்து சேர்ந்தது என்று தெரியும். கம்ப்யூட்டரின் உள்ளூர் பாலிசி, சைட் (நெட்வொர்க் இருப்பிடம்), டொமைன், ஓயூ என்பதே பாலிசிகள் வந்து சேரும் வரிசை. முரண்பட்டால் வழக்கமாகக் கடைசியில் வருவது வெல்லும்.

பாஸ்வேர்ட் நீளம் போன்ற விதிகள் இதற்கு விலக்கு. அவற்றை ஓயூவில் இணைத்தால் அந்தக் கம்ப்யூட்டர்களின் உள்ளூர் கணக்குகளைத்தான் பாதிக்கும், டொமைன் கணக்குகளை அல்ல. ஒரு பிரிவினருக்கு மட்டும் கடுமையான பாஸ்வேர்ட் விதி வேண்டுமென்றால், ஃபைன் கிரெய்ன்ட் பாஸ்வேர்ட் பாலிசியை ஒரு குரூப்புக்குக் கொடுக்க வேண்டும்.

மிச்சமுள்ளவர்களை நகர்த்தும் முன் விபிஎன், ஸ்கேனர், உள் மென்பொருள்களின் எல்டாப் (LDAP, டைரக்டரியில் பயனரைத் தேடப் பயன்படும் முறை) அமைப்புகளைத் திறந்து பாருங்கள். எந்த ஓயூவில் பயனரைத் தேடுவது என்று அவற்றில் யாராவது முழுப் பாதையையும் எழுதி வைத்திருந்தால், நகர்த்திய அடுத்த நிமிடமே அங்கே லாகின் நின்றுவிடும்.